மீத்தேனைச் சரக்காக்கும் சங்கதி



இன்று இந்தக் கூட்டத்தில் நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், மீத்தேன் என்னும் வாயுவை நேராக உபயோகமுள்ள சரக்காக மாற்றுவதைப் பற்றியதாகும். இது காலேஜில் பேச வேண்டிய விஷயமாயிற்றே, இதற்கு ஊர் நடுவில் மேடை போடுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பது தவறல்ல. ஆனால் இந்த விஷயத்தில் நமக்கு உங்களிடம் ஒரு கடன் இருக்கின்றது. முதலில் அந்தக் கடனைச் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருகின்றோம்.

மூன்று மாதத்துக்கு முன் இதே இடத்தில் நடந்த கூட்டத்தில், ஒரு பத்திரிகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஆவேசமாகப் பேசினோம். எண்ணெய்க் கிணறுகளில் வீணாய் எரிக்கப்படுகின்ற வாயுவை, 70 டிகிரிச் சூட்டில், அதாவது ஆறிக்கொண்டிருக்கும் காப்பியின் சூட்டில், மெதனாலாக மாற்றிவிட்டார்கள் என்றும், ஆகவே இனிமேலும் அதை எரிக்கிறவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும் அல்லது அயோக்கியனாக இருக்க வேண்டும் என்றும் சொன்னோம். நீங்களும் கை தட்டினீர்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒரு வாலிபத் தோழர், ரசாயனம் படிக்கின்றவர், நம்மிடம் வந்து மிக்க மரியாதையுடன், "ஐயா, நூற்றுக்கு எத்தனை மாறிற்று? மாற்றுவதற்கு எதைச் செலவழித்தார்கள்?" என்று கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் யோக்கியமாக இருந்திருக்கும். அதைவிட்டு, "பத்திரிகையில் போட்டிருக்கின்றதே, தம்பி" என்று சொன்னோம். சொன்ன மாத்திரத்தில் நமக்கே சுருக்கென்றது. ஏனெனில், "ஏட்டில் எழுதியிருக்கின்றதே" என்று ஒரு பண்டிதர் நம்மிடம் சொல்லியிருந்தால் அவரை நாம் லேசில் விட்டிருப்போமா? இருபது வருஷமாக ஊர் ஊராய்ப் போய் எந்தப் பதிலைப் பரிகாசம் செய்துவந்தோமோ அதே பதிலை நாமே சொல்லிவிட்டு வந்து நின்றோம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே அந்தத் தோழரைத் தேடிப் போனோம். நாம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டியவரல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அவர் படித்துச் சொல்ல, நாம் கேட்டுக் குறித்துக்கொள்ள, புரியாத இடத்தில் மறுபடி கேட்க, இப்படி மூன்று மாதம் சென்றது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் இன்று சொல்லப் போகின்றோம். இதையும் நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அந்தத் தோழர் இதோ முன்வரிசையில்தான் இருக்கின்றார். தப்பாகச் சொன்னால் எழுந்து நிறுத்தும்படி அவருக்குச் சொல்லியிருக்கின்றோம்.

மீத்தேன் என்ற சொல் இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் புதிதல்ல. காவிரிப் படுகையில் அதை எடுக்கும் திட்டம் வேண்டாமென்று நீங்கள் சாலையில் உட்கார்ந்ததும், 2020-ல் இந்தப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்ததும் நமக்குத் தெரியும். அது நிலத்தையும் தண்ணீரையும் பற்றிய வழக்கு. அதற்குள் இன்று நாம் போகவில்லை. எடுக்கலாமா கூடாதா என்பதல்ல இன்றைய கேள்வி. உலகத்தில் ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட மீத்தேனை என்ன செய்கின்றார்கள், என்ன செய்ய முடியும், ஏன் முடியவில்லை என்பதே கேள்வி.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தண்ணீர் கட்டிய வயலின் சேற்றிலிருந்து வருவதும் இதுவே. சாணவாயுக் கலத்தில் உண்டாவதில் பாதிக்கு மேல் இதுவே. நிலக்கரிச் சுரங்கத்தில் வெடித்து ஆளைக் கொல்வதும் இதுவே. இன்று பட்டணங்களில் குழாய் வழியாக வீட்டுக்கு வரும் வாயுவும், ஆட்டோவுக்கு அடைக்கும் வாயுவும் பெரும்பாலும் இதுதான். நமது வீட்டு சிலிண்டரில் வருவது இதன் உறவினர்களே தவிர இது அல்ல. 1776-ல் இத்தாலி தேசத்து வோல்டா என்பவர் மாஜோரே ஏரியின் சதுப்பில் கோலால் சேற்றைக் கிளறி, கிளம்பிய குமிழிகளைப் புட்டியில் பிடித்து, அது எரிவதைச் சோதித்துப் பார்த்தார். உங்கள் ஊர்க் குளத்திலும் அதே குமிழி வருகின்றது. நம் ஜனங்கள் ஆயிரம் வருஷமாய் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். புட்டியில் பிடிக்கத்தான் ஆளில்லை.

எண்ணெய்க்குத் துளை போடும் இடத்தில் எண்ணெயோடுகூட இந்த வாயுவும் வருகின்றது. எண்ணெயைப் பீப்பாயில் ஊற்றிக் கப்பலில் ஏற்றலாம். வாயுவை என்ன செய்வது? அதைத் திரவமாக்க வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். குழாய் போடுவதானால் நூற்றுக்கணக்கான மைல் போட வேண்டும். கிணறு சிறியது, இடம் காடு அல்லது பாலைவனம், பட்டணமோ தூரம். ஆகவே எண்ணெய் முதலாளி கணக்குப் பார்த்து, ஒரு நீளக் குழாயின் நுனியில் வைத்து இரவும் பகலும் கொளுத்தி விடுகின்றான். 2023-ஆம் வருஷத்தில் மாத்திரம் இப்படி உலகத்தில் எரிக்கப்பட்டது ஏறக்குறைய 14,800 கோடி கன மீட்டர் என்று உலக வங்கியார் வானத்துத் துணைக்கோள்களைக் கொண்டு அளந்து கணக்குக் கொடுத்திருக்கின்றார்கள். ருஷியாவில் எரிகின்றது, ஈரானில் எரிகின்றது, ஈராக்கில் எரிகின்றது, அமெரிக்காவிலும் எரிகின்றது.

கொளுத்தாமல் சும்மா விட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அது இன்னும் கெடுதல். எரிந்தால் கரியமில வாயுவாகப் போகின்றது. எரியாமல் போனால், நூறு வருஷக் கணக்கில் பார்க்கும்போது, அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்குகின்றது. இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் 80 மடங்குக்கும் மேல். ஆகவே கொளுத்துவது இரண்டு கெடுதலில் சின்னக் கெடுதல்.

தானாக எரியும் இடங்களும் உலகத்தில் உண்டு. துருக்கி தேசத்தின் தென் கரையில் யானர்தாஷ் என்ற மலைச்சரிவில் பாறை இடுக்குகளிலிருந்து மீத்தேன் கசிந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக எரிந்துகொண்டிருக்கின்றது. பழைய கிரேக்கர்கள் அதை நெருப்பைக் கக்கும் ஒரு பூதம் என்றார்கள். பூதத்தை நினைத்துப் பயந்தவர்கள் பக்கத்திலேயே நெருப்புத் தெய்வத்துக்கு ஒரு கோயிலும் கட்டினார்கள், இடிந்த சுவர் இன்னும் இருக்கின்றது. அஜர்பைஜான் தேசத்தில் பாகு நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள அணையா நெருப்புக் கோயிலின் கதை அதைவிட வேடிக்கை. சுற்றிலும் வாயுவை எடுத்துத் தீர்த்ததால் 1969-ல் அந்த நெருப்பு அணைந்துவிட்டது. இப்போது அங்கே எரிவது பட்டணத்திலிருந்து குழாயில் வருகின்ற வாயு! சரி, இதை விடுவோம். யானர்தாஷைப் பற்றி நாம் சொல்ல வந்தது வேறு. அங்குள்ள மீத்தேனில் பெரும்பகுதி செடி கொடி அழுகி உண்டானதல்ல. பாறைக்குள் இருக்கும் ருத்தேனியம் என்ற அபூர்வ உலோகம், அதிகச் சூடில்லாமலேயே, ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து வைத்து அதை உண்டாக்கியிருக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் காட்டியிருக்கின்றார்கள். அதாவது, ஒரு கல் சும்மா கிடந்தபடியே மீத்தேனை ஆக்குகின்றது. அப்படியானால் இன்னொரு கல்லைக் கொண்டு மீத்தேனை வேறொன்றாக ஆக்க முடியாதா? இதுதான் நம்முடைய விஷயம்.

இப்படி ஒரு காரியத்தை நடத்தி வைத்துவிட்டுத் தான் செலவாகாமல் நிற்கின்ற பண்டத்துக்கு வினையூக்கி என்று பெயர். தரகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகன் என்றாலே நமக்கு ஆகாது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் இந்தத் தரகன் வரும்படி எடுப்பதில்லை, தட்சணை கேட்பதில்லை, இரண்டு பேரையும் தன் திண்ணையில் உட்காரவைத்துச் சேர்த்துவிட்டு அடுத்த ஜோடிக்குத் திண்ணையைக் காலி செய்து கொடுக்கின்றான். தானாக நடக்க ஆயிரம் டிகிரி வேண்டிய காரியம் இவன் திண்ணையில் சில நூறு டிகிரியில் நடந்துவிடுகின்றது. ஆனால் நடக்கவே முடியாத காரியத்தை நடத்தி வைக்க இவனாலும் ஆகாது. நிகழக்கூடியதைச் சீக்கிரம் நிகழ்த்துவான், அவ்வளவுதான். இவனிடம் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, மீத்தேனிடம் என்ன கஷ்டம்? ஒரு கரி அணு நடுவில், நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் நான்கு மூலையில். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. பிடிப்பதற்குக் காது இல்லாத உருண்டைச் சட்டி மாதிரி. மற்ற வஸ்துக்களில் எங்கேயாவது ஒரு பலவீனமான மூலை இருக்கும், அங்கே ரசாயனம் நுழையும். இதில் அப்படி ஒரு மூலை இல்லை. 16 கிராம் மீத்தேனில் ஒவ்வொரு மூலக்கூறிலிருந்தும் ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்தெடுக்க 439 கிலோஜூல் சக்தி வேண்டும். அதிகந்தான். ஆனால் உண்மையான கஷ்டம் இது அல்ல. கஷ்டப்பட்டு ஒன்றைப் பிய்த்து அந்த இடத்தில் பிராணவாயுவைச் சேர்த்து மெதனாலாக ஆக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெதனாலில் கரியிடமிருந்து ஹைட்ரஜனைப் பிய்க்க 402 கிலோஜூலே போதும். அதாவது, நாம் உண்டாக்கிய சரக்கு நாம் எடுத்துக்கொண்ட சரக்கைவிடப் பலவீனம். பூட்டை உடைப்பதற்குப் போடுகின்ற அடி, பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடிச் சாமானையும் சேர்த்து நொறுக்கிவிடுகின்றது.

உங்களில் வெல்லம் காய்ச்சினவர்கள் இருப்பீர்கள். கரும்புச் சாற்றைக் கொதிக்க வைக்கின்றவனுக்குச் சூடு ஏற்றுவது கஷ்டமல்ல. பதத்தில் இறக்குவதே கஷ்டம். ஒரு நிமிஷம் தப்பினால் கொப்பரை முழுதும் கருகிவிடும். மீத்தேனுக்குப் பிராணவாயுவைக் கொடுத்தால் அது மெதனால் என்ற பதத்தில் நிற்க மாட்டேன் என்கின்றது. ஓடிப்போய்க் கரியமில வாயுவிலும் தண்ணீரிலும்தான் நிற்கின்றது. அந்த வாலிபத் தோழர் இதைச் சொன்ன அன்றுதான் நமக்கு விஷயம் விளங்கிற்று. கல்லில் நார் உரிப்பதல்ல இங்கே வேலை. உரித்த நாரை நெருப்பில் விழாமல் பிடிப்பதே வேலை.

மெதனால் என்பது எது என்று இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்ட ஏழைகளின் உயிரைக் குடித்த விஷச் சாராயத்தில் இருந்த அதே மெதனால்தான். குடித்தால் எமன். ஆனால் பிளைவுட் பலகைக்குப் பசை, பெயின்ட், பிளாஸ்டிக் என்று பல சாமான்களுக்கு அது மூலச்சரக்கு. உலகம் வருஷத்துக்குப் பத்துக் கோடி டன்னுக்கு மேல் உண்டாக்குகின்றது. அதில் பெரும்பகுதி மீத்தேனிலிருந்து உண்டாக்குவதே. என்ன! மீத்தேனிலிருந்து மெதனால் ஏற்கெனவே உண்டாகின்றதா? ஆம், உண்டாகின்றது. ஆனால் நேராக அல்ல, சுற்றிவளைத்து.

அந்தச் சுற்றுவழி எப்படியென்றால், மீத்தேனை நீராவியோடு சேர்த்து, நிக்கல் என்ற தரகன் மேல் 800, 900 டிகிரிச் சூட்டில் ஓட்டி, கரியை ஒற்றைப் பிராணவாயு அணுவோடு ஒரு பக்கமும் ஹைட்ரஜனை ஒரு பக்கமுமாக முழுக்கப் பிரித்துவிடுவது. பிறகு அந்த இரண்டையும் அழுத்திச் சேர்த்து மெதனாலாகக் கட்டுவது. இந்தக் கட்டும் வேலையை ஜெர்மனியில் லாய்னா என்ற ஊரில் 1923-ல் துத்தநாகமும் குரோமியமும் கலந்த தரகனைக் கொண்டு பெரிய அளவில் தொடங்கினார்கள். 1966-ல் இங்கிலாந்தில் செம்புத் தரகன் வந்து, சூடும் அழுத்தமும் வெகுவாகக் குறைந்தது. நல்ல வேலைதான், இன்றும் உலகம் அதைக்கொண்டுதான் நடக்கின்றது. ஆனால் பாருங்கள், திண்ணை கட்டுவதற்காக வீட்டையே செங்கல் செங்கலாக இடித்து மறுபடி கட்டுகின்ற வேலை இது. எரிபொருள் செலவு, பெரிய உலை, பெரிய அழுத்த யந்திரம், பல நூறு கோடி ரூபாய் முதல். இவ்வளவும் பெரிய வாயு வயலுக்குக் கட்டும். காட்டுக்குள் எரிகின்ற ஒரு சின்னக் கிணற்றுக்குக் கட்டாது. அதனால்தான் நேர்வழியைத் தேடுகின்றார்கள்.

நேர்வழி உலகத்தில் எங்குமே பலிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1930-களில் ஜெர்மனியில் ஆண்ட்ரூசோ என்பவர் மீத்தேன், அம்மோனியா, காற்று மூன்றையும் சேர்த்து, பிளாட்டினமும் ரோடியமும் கலந்த கம்பி வலையின் வழியாக 1,100 டிகிரிச் சூட்டில் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஓட்டி ஹைட்ரஜன் சயனைடை நேராக உண்டாக்கினார். இன்று வரையில் தொழிற்சாலைகளில் அது நடக்கின்றது. தங்கம் பிரிக்கவும் பிளாஸ்டிக் செய்யவும் அது வேண்டும். அது ஏன் பலித்தது? ஏனெனில் அந்தச் சரக்கு சூட்டைத் தாங்கும், வலையைத் தாண்டியவுடன் குளிர்வித்துவிட்டால் நின்றுவிடும். ஆகவே நேர்வழி ஆகாத காரியமல்ல. பதத்தில் நிற்கின்ற சரக்குக்கு ஆகும், நிற்காத சரக்குக்குத்தான் ஆகவில்லை.

1982-ல் அமெரிக்காவில் கெல்லர், பாசின் என்ற இருவர் இரண்டு மீத்தேன்களைச் சேர்த்து எத்திலீனாக்கும் வழியை வெளியிட்டார்கள். பாலிதீன் பை முதல் பிளாஸ்டிக் குழாய் வரையில் எத்தனையோ சாமான்களுக்கு எத்திலீன்தான் தாய்ச்சரக்கு. 1985-ல் டெக்ஸாஸில் லன்ஸ்போர்ட் என்பவர் லித்தியம் தடவிய மெக்னீஷியத் தூளைக் கொண்டு அதை விருத்தி செய்தார். உலகமே அதன்மேல் விழுந்தது. நூற்றுக்கணக்கான தூள்களைச் சோதித்தார்கள். 800 டிகிரிச் சூட்டில் மீத்தேனின் ஹைட்ரஜன் பிய்கின்றது, இரண்டு ஒட்டுகின்றது, ஆனால் ஒட்டிய எத்திலீனும் அங்கேயே கொஞ்சம் எரிகின்றது. அதிகம் மாற்றினால் அதிகம் எரிகின்றது, எரியாமல் காத்தால் கொஞ்சந்தான் மாறுகின்றது. நூறு மீத்தேன் உள்ளே போனால் வேண்டிய சரக்காக வெளியே வருவது 25-ஐத் தாண்டி 30-ஐ எட்டுவதே அபூர்வம் என்ற கதியில் நாற்பது வருஷம் போய்விட்டது. சிலூரியா என்ற ஒரு அமெரிக்கக் கம்பெனி துணிந்து 2015-ல் டெக்ஸாஸில் ஒரு சோதனை ஆலையே ஓட்டிப் பார்த்தது. 2019-ல் அதன் உடைமை வேறொரு கம்பெனியிடம் போயிற்று. எத்திலீன் உலகத்தில் இன்னும் பழைய வழியிலேயே உண்டாகின்றது.

பிராணவாயு இருந்தால்தானே எரியும், அதையே கொடுக்காமல் செய்தால் என்ன என்று சீன தேசத்து டாலியான் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் யோசித்தார்கள். நியாயமான யோசனை. 1993-ல், நுண்துளையுள்ள இசட்.எஸ்.எம்.-5 என்ற ஜியோலைட்டுத் தூளில் மாலிப்டினம் சேர்த்து, 700 டிகிரியில் மீத்தேனை நேராக பென்சீனாக்கினார்கள். ஆனால் அந்தச் சூட்டில் நூற்றுக்குச் சுமார் 12-க்கு மேல் மாறுவதற்கு இயற்கைக் கணக்கே இடம் கொடுப்பதில்லை. தரகனால் நடக்கக்கூடியதைத்தான் நடத்த முடியும் என்று சொன்னோமே, அது இங்கேதான் வருகின்றது. அது மட்டுமா, சில மணி நேரத்தில் தரகனின் திண்ணை முழுவதும் கரி படிந்து அடைந்துபோகின்றது. எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், மறுபடி ஓட்ட வேண்டும். அதே டாலியானில் 2014-ல் ஒற்றை ஒற்றை இரும்பு அணுக்களைச் சிலிக்காவுக்குள் சிறை வைத்து, 1,090 டிகிரியில் நூற்றுக்கு 48 மாற்றினார்கள், கரியும் படியவில்லை. இந்தச் செய்தியைப் படித்தபோது நாம் எழுந்து நின்றுவிட்டோம். உடனே அந்தத் தோழர், "ஐயா, 1,090 டிகிரி! அந்தச் சூட்டை எதனால் ஏற்றுவது, எந்தக் குழாய் வருஷக்கணக்கில் அதைத் தாங்கும்?" என்றார். நாம் உட்கார்ந்துகொண்டோம்.

இனி மெதனாலுக்கு வருவோம். நமக்கு முன்னாலேயே இந்தக் காரியத்தைச் சாதாரணச் சூட்டில் செய்துகொண்டிருக்கின்ற ஜீவன் ஒன்று உண்டு. உங்கள் நெல் வயலின் சேற்றிலேயே இருக்கின்றது. மீத்தேனைத் தின்று பிழைக்கின்ற ஒரு ஜாதி நுண்கிருமி. தனக்குள் இரும்பையோ செம்பையோ வைத்துக் கட்டிய ஒரு புரதத்தால் மீத்தேனை மெதனாலாக்கிப் பிறகு அதையும் தின்றுவிடுகின்றது. இதைப் பார்த்துத்தான், இரும்பையும் செம்பையும் ஜியோலைட்டின் துளைக்குள் வைத்து அந்தக் கிருமியைப் போலச் செய்ய முயன்றார்கள். ருஷியாவில் பானோவ் என்பவரின் கூட்டம் இரும்பை வைத்து வழிகாட்டிற்று. 2005-ல் பெல்ஜியத்தில் லூவன் சர்வகலாசாலையார் செம்பை வைத்தார்கள். முதலில் தூளுக்குப் பிராணவாயுவை ஊட்டுவது. பிராணவாயுவை வெளியேற்றிவிட்டு, சூட்டைக் குறைத்து மீத்தேனை விடுவது. கடைசியில் நீராவியைக் கொண்டு மெதனாலைக் கழுவி எடுப்பது. பிராணவாயுவும் மெதனாலும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் தங்காததால் கருகல் இல்லை. ஆனால் ஒரு சுற்றுக்குப் பல மணி நேரம், ஒரு கிராம் தூளுக்குக் கிடைப்பது சில மில்லிகிராம். 2017-ல் ஸ்விட்ஜர்லாந்தில் பிராணவாயுவுக்குப் பதிலாகத் தண்ணீரையே கொண்டு அதைச் செய்தும் காட்டினார்கள். அறிவுக்கு விருந்துதான், ஆனால் கடைக்குச் சரக்கு இன்னும் வரவில்லை.

இப்போது நம்முடைய பத்திரிகைத் துண்டுக்கு வருகின்றோம். 2020-ல் சீனத்தின் செஜியாங் சர்வகலாசாலையார் தங்கமும் பல்லேடியமும் கலந்த துகள்களை ஜியோலைட்டுக்குள் பதித்து, வெளியே எண்ணெய்ப் பசை மாதிரித் தண்ணீர் ஒட்டாத ஒரு போர்வை போர்த்தி, 70 டிகிரியில் மீத்தேனை மெதனாலாக்கினார்கள். மாறியது நூற்றுக்கு 17. மாறியதில் 92 பங்கு மெதனால். ஆகவே நூறு மீத்தேனுக்குச் சுமார் 16 மெதனால். அந்தச் சூட்டில் இது பிரமாதமான வேலை என்பதில் சந்தேகமில்லை. பத்திரிகை பொய் சொல்லவில்லை. ஆனால் எதைச் செலவழித்தார்கள் என்பதை அது சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. செலவழித்தது ஹைட்ரஜனை. ஹைட்ரஜனும் பிராணவாயுவும் அந்தத் துகள் மேல் சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகி, அதுதான் மீத்தேனைத் தாக்குகின்றது. அந்தப் போர்வை, பெராக்சைடு வெளியே ஓடிப்போகாமல் பிடித்து வைப்பதற்குத்தான். ஹைட்ரஜன் எங்கிருந்து வருகின்றது? இன்று உலகத்தில் உண்டாகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி, அதே பழைய சுற்றுவழியில் மீத்தேனை உடைத்து எடுப்பதே! ஒரு மரக்கால் நெல்லுக்கு இரண்டு மரக்கால் விதை கேட்டால் நீங்கள் விதைப்பீர்களா? அந்தச் சேற்றுக் கிருமியும் இனாமாகச் செய்வதில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். பிராணவாயுவின் இரண்டு அணுக்களில் ஒன்றை மெதனாலுக்குக் கொடுத்துவிட்டு, மற்றொன்றைத் தண்ணீராக்குவதற்குத் தன் உடம்பின் சக்தியைத்தான் அது செலவழிக்கின்றது.

ஆகவே அன்று நாம் சொன்னது தவறு. எரிகின்ற வாயுவைக் காப்பிச் சூட்டில் சரக்காக்கும் வழி தொழிற்சாலைக்கு வந்துவிடவில்லை. அதைச் செய்தவர்கள் அப்படிச் சொல்லவும் இல்லை. எத்தனை மாறிற்று, எத்தனை கருகிற்று, எவ்வளவு நேரத்தில் தூள் கெட்டது என்பதையெல்லாம் அவர்களே அச்சுப்போட்டுக் கொடுத்திருக்கின்றார்கள். தங்கள் குறையைத் தாங்களே எழுதி வைக்கின்றவர்களைக் கொண்டுபோய் நாம் அற்புதம் செய்கிறவர்களாக ஆக்கினோம். சாமியாரை விட்டவர்கள் சைன்ஸ்காரரைச் சாமியாராக்கினால் நமக்கு என்ன லாபம்?

ஆனால் நாம் சொன்னதில் இன்னொரு பாதி இருக்கின்றது, அதை நாம் வாபஸ் வாங்கவில்லை. எரிக்கிறவனைக் குற்றம் சொன்னோமே, அது. எரிக்காமலிருக்கப் புதுத் தரகன் பிறக்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நார்வே தேசத்தார் 1970-களின் ஆரம்பத்திலேயே, கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய நாளிலேயே, பாதுகாப்புக்கு அவசியமான சமயம் தவிர வாயுவைக் கொளுத்தக் கூடாது என்று விதித்துவிட்டார்கள். அப்போது எந்த ஜியோலைட்டும் அவர்களுக்கு உதவவில்லை. வாயுவைத் திரும்பப் பூமிக்குள்ளேயே அழுத்தினார்கள், குழாய் போட்டார்கள், யந்திரத்தில் எரித்து மின்சாரம் எடுத்தார்கள். செலவாயிற்று, செலவை எண்ணெய்க்காரனே ஏற்றான். 2030-க்குள் இந்த வழக்கமான எரிப்பை ஒழிப்பதென்று 2015-ல் உலக வங்கியும் பல அரசாங்கங்களும் கம்பெனிகளும் கையெழுத்துப் போட்டன. அதற்கு எட்டு வருஷம் கழித்து எரிந்த கணக்கைத்தான் மேலே சொன்னோம். எரிகின்ற கிணற்றுக்காரன், "ஆராய்ச்சி நடக்கின்றது, வழி பிறக்கட்டும்" என்று சொன்னால் அது நம்முடைய பழைய பதிலைவிட மோசமான பதில். அவனுக்கு அது லாபக் கணக்கு. எரியும் கிணற்றுப் பக்கத்தில் குடியிருந்து புகையையும் வெளிச்சத்தையும் விழுங்குகின்ற கிராமத்தானுக்கு அது கணக்கல்ல.

நேர்வழி என்றைக்காவது பலிக்குமா என்று கேட்டால், அந்தத் தோழர் பலிக்கும் என்கின்றார். சரக்கை உண்டான இடத்திலேயே விட்டு வைக்காமல், உண்டாக உண்டாக வெளியே இழுத்துவிடும் சவ்வுகளையும், ஹைட்ரஜனை மட்டும் வடிகட்டி வெளியேற்றும் சுவர்களையும் பற்றி அவர் நிறையச் சொன்னார். நமக்குப் பாதிதான் விளங்கிற்று. விளங்காததை விளங்கியது போல இன்னொரு தரம் சொல்ல மாட்டோம். அவரே அடுத்த வாரம் இதே நேரத்தில் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார்.

அவர் ஒரு புட்டியில் ஜியோலைட்டுத் தூள் கொண்டுவந்திருக்கின்றார். இதோ, கோதுமை மாவு மாதிரி வெள்ளையாக இருக்கின்றது. இதற்குள் இருக்கும் துளை ஒவ்வொன்றும், ஒரு மில்லிமீட்டரை இருபது லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு அகலம். இதன் இனத்தைச் சேர்ந்த பண்டத்தைத் துணி சோப்புத் தூளிலும் சேர்க்கின்றார்கள், அதனால் பயப்பட வேண்டாம். முன்வரிசையிலிருந்து கை மாற்றிப் பின்வரிசை வரைக்கும் அனுப்புங்கள். மூடியைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோக வேண்டாம். தாய்மார்கள் பக்கத்திற்கும் அனுப்புங்கள். கேள்வி கேட்க நினைக்கின்றவர்கள் இப்போது கேட்கலாம்.